வாளால் வந்ததா, கடலால் வந்ததா? நபியைப் பற்றிய பழைய கேள்விகளும் எங்கட பதில்களும்

கம்பஸுக்குப் போன முதல் வருசத்திலேயே எங்கட பிள்ளைகளுக்கு மூன்று கேள்விகள் வந்து சேர்ந்துவிடும். இஸ்லாம் வாளால் பரவினதுதானே? உங்கட நபி ஏன் இத்தனை பேரைத் திருமணம் செய்தார்? ஆயிஷாவுக்கு அப்ப எத்தனை வயது? குத்திக்காட்டக் கேட்பவர்களும் உண்டு, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர்களும் உண்டு. பதில் சொல்கிற எங்களுக்கு ரெண்டு பேரும் ஒன்றுதான். உடனே போனை எடுத்து யாரோ ஒரு பேச்சாளரின் வீடியோவை அனுப்பிவிடுவோம். அவர் அதில் நாலு வசன இலக்கம் சொல்வார், ஒரு ஐரோப்பிய அறிஞர் நபியைப் புகழ்ந்ததைச் சொல்வார், கூட்டம் தக்பீர் சொல்லும். கேட்டவன் முழுதாகப் பார்த்தானா என்பது யாருக்கும் தெரியாது.

வரலாறு ஒரு பாடமாகப் படிப்பதால் எனக்கு வேறு ஒரு ஆசை. இந்தக் கேள்விகளுக்கும் பதில்களுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது, அதைக் கதைப்போம் என்பதுதான். கதைக்கும்போது ஒரு சோதனையையும் கூடவே வைத்துக்கொள்வோம். நாங்கள் சொல்கிற பதில் கேட்டவனின் வாயை மட்டும் அடைக்கிறதா, இல்லாட்டி சொல்கிற எங்களையும் கட்டுகிறதா? எங்களைக் கட்டாத பதில் வெறும் சாட்டு.

கேள்விகள் மிகப் பழையவை. எட்டாம் நூற்றாண்டிலேயே, உமையாக்களின் தலைநகராக இருந்த டமஸ்கஸைச் சேர்ந்த யோவான் என்ற கிறிஸ்தவத் துறவி நபியின் திருமணங்களைப் பற்றி எழுதிவிட்டார். ஆனால் இன்றைக்கு எங்களிடம் வந்து சேர்கிற வடிவத்துக்கு ஆங்கிலேய ஆட்சிக்காலம்தான் மூலம். 1854-ல் ஆக்ராவில் ஃபாண்டர் என்ற ஜெர்மன் மிஷனரிக்கும் ரஹ்மதுல்லாஹ் கைரானவிக்கும் இடையில் பெரிய பொது விவாதம் நடந்தது. அந்தக் காலத்தில் வட இந்தியாவில் அதிகாரியாக இருந்த வில்லியம் மூர், ஃபாண்டரின் தூண்டுதலில் நபியின் வாழ்க்கையை நாலு பாகமாக எழுதினார். 1861-ல் அது முடிந்தது. அரபு மூலங்களை நேரே வாசித்து எழுதிய புத்தகம். அதனால்தான் அதை லேசில் தள்ளிவிட முடியவில்லை.

சேர் செய்யித் அஹ்மத் கான் அதை வாசித்து மனம் வெந்துபோனதாக நண்பருக்குக் கடிதம் எழுதினார். 1869-ல் லண்டன் போய், நூலகங்களில் உட்கார்ந்து, கடன்பட்டு, 1870-ல் தன் பதிலை ஆங்கிலத்தில் அச்சிட்டார். எனக்கு இந்த மனிதரில் பிடித்தது அவரது கோபத்தை விட அதற்குப் பிறகு நடந்ததுதான். மூருக்குப் பதில் எழுதப் போனவர், ஹதீஸ்கள் எப்படித் தொகுக்கப்பட்டன, எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று தன் பாரம்பரியத்தையே திரும்பப் பரிசோதிக்கத் தொடங்கினார். அதற்காக உலமாக்கள் அவரைக் காஃபிர் என்றார்கள். விமர்சகருக்குச் சொன்ன பதில் அவரையே மாற்றிவிட்டது.

எங்கட மேடைகளில் அடிக்கடி வருகிற ஐரோப்பிய அறிஞர் தோமஸ் கார்லைல். 1840-ல் அவர் லண்டனில் நபியை ஒரு வீரராக வைத்து உரை நிகழ்த்தினார். வாளால் பரவியது என்கிறீர்களே, தனி ஒரு மனிதன் முதலில் அந்த வாளை எங்கே இருந்து எடுத்தான், அவனை நம்பி நாலு பேர் வந்த பிறகுதானே வாள் வரும் என்பது அவரது வாதம். நல்ல வாதம். ஆனால் அதே உரையில் அவர் குர்ஆனை வாசிப்பது பெரும் சலிப்பான வேலை என்றும் சொன்னார். அந்தப் பகுதியை எங்கட பேச்சாளர்கள் விட்டுவிடுவார்கள். ஒரு பாதியை மட்டும் எடுத்தால் மற்றவன் மறுபாதியை எடுத்துக்கொண்டு வருவான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நபியைப் பற்றி விமர்சகர்கள் எடுத்து வைக்கிற சம்பவங்கள் ஏறக்குறைய எல்லாமே முஸ்லிம்கள் எழுதி வைத்தவை. இப்னு இஸ்ஹாக், இப்னு ஹிஷாம், வாகிதி, தபரி, புகாரி எல்லாரும் எங்கட ஆட்கள். 627-ல் மதீனாவில் பனூ குறைழா என்ற யூதக் கோத்திரத்தின் ஆண்களுக்கு மரண தண்டனை கொடுக்கப்பட்டதை இப்னு இஸ்ஹாக் எண்ணிக்கையோடு பதிந்திருக்கிறார். முற்றுகை நேரத்தில் எதிரியோடு சேர்ந்த குற்றம், தீர்ப்புச் சொன்னவர் அவர்களது பழைய நட்புக் கோத்திரத்தின் தலைவர் ஸஅத், அந்தக் காலப் போர் வழக்கம் என்றெல்லாம் விளக்கம் சொல்லப்படுகிறது. எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்று 1976-ல் அறஃபாத் என்ற ஆய்வாளர் எழுதினார். விளக்கங்களில் நியாயம் இருக்கு. ஆனால் அது சந்தோசமாகச் சொல்லக்கூடிய கதை இல்லை. எழுதி வைத்த பழைய ஆட்கள் அதை மறைக்கவும் இல்லை, மெழுகவும் இல்லை. இன்றைக்கு எங்களுக்குத்தான் மெழுகுகிற பழக்கம் வந்திருக்கு.

இனி வாளுக்கு வருவோம்.

வழமையான சண்டை வசன இலக்கத்தில்தான் நடக்கும். அவர்கள் 9:5 என்பார்கள், நாங்கள் 2:256 என்போம். 9:5-ஐத் தூக்குகிறவர்கள் அதற்கு அடுத்த வசனத்தை வாசிப்பதில்லை. இணைவைப்பவர் ஒருவர் அடைக்கலம் கேட்டால் கொடுத்து, அவருக்குப் பாதுகாப்பான இடம்வரை கொண்டுபோய் விடச் சொல்கிறது அது. ஆனால் வசனத்தை வைத்து வரலாற்றை நிரூபிக்க முடியாது. நடந்தது என்ன என்று பார்க்க வேண்டும்.

610-ல் முதல் வஹீ. 622-ல் ஹிஜ்ரத். நடுவில் மக்காவில் இருந்த காலம் முழுக்க முஸ்லிம்கள் அடி வாங்கினார்கள், பொருளாதாரத் தடையில் பட்டினி கிடந்தார்கள், கொஞ்சப் பேர் கடல் தாண்டி அபிசீனியாவின் கிறிஸ்தவ அரசரிடம் அகதியாகப் போனார்கள். முதல் பெரிய போர் பத்ர், 624-ல். நபியின் மரணத்துக்குப் பிறகு, 630-களிலும் 640-களிலும் அரபுப் படைகள் சிரியாவையும் எகிப்தையும் ஈரானையும் பிடித்தன. இதை மறுக்கத் தேவையில்லை. அது பேரரசு கட்டிய வாள், ரோமும் பாரசீகமும் பிடித்த அதே வகை வாள். கேள்வி, அந்த வாள் ஆட்களை மதம் மாற்றியதா என்பதுதான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. முஸ்லிம் அல்லாதவர் ஜிஸ்யா வரி கட்ட வேண்டும். மதம் மாறினால் வரி போய்விடும். அரசின் பெட்டிக்கு அது நட்டம். அதனால் உமையா ஆட்சியில் ஹஜ்ஜாஜ் போன்ற ஆளுநர்கள் புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர்களிடமும் வரியை விடாமல் வாங்கினார்கள். 717-ல் ஆட்சிக்கு வந்த இரண்டாம் உமர்தான் அதை நிறுத்தச் சொன்னார். அதாவது வாள் வைத்திருந்தவர்களே, தயவுசெய்து மாறாதீர்கள் என்ற மாதிரி நடந்தார்கள். ரிச்சர்ட் புல்லியட் என்ற வரலாற்றாளர் ஈரானின் பழைய வாழ்க்கைக் குறிப்பு அகராதிகளில் இருந்த பெயர்களை வைத்துக் கணக்குப் பார்த்தார். 1979-ல் வந்த அவரது நூலின்படி, படையெடுப்பு முடிந்து ரெண்டு நூற்றாண்டுக்குக் கிட்டத்தான் அங்கே பெரும்பான்மை முஸ்லிமாகிறது. எகிப்தில் அதை விடவும் மெதுவாக.

அது தூர தேசம். எங்கட கரையைப் பாருங்கள். திருகோணமலையில் இருந்து நிலாவெளி தாண்டி, புல்மோட்டைக்குப் போகிற வீதியில் இருக்கிறது குச்சவெளி. கடலோரப் பாறையில் சமஸ்கிருதத்தில் ஒரு பழைய பௌத்தக் கல்வெட்டு இருக்கு. கொஞ்சம் தள்ளிக் கோயில், இன்னும் கொஞ்சம் தள்ளிப் பள்ளிவாசல். எந்த முஸ்லிம் படையும் இந்தக் கரையில் இறங்கி ஆட்சி நடத்தவில்லை. இலங்கையின் எந்தக் கரையிலும் இல்லை. வந்தது வியாபாரக் கப்பல், காற்று மாறும்வரை தங்கியவர்கள், இங்கேயே பெண் எடுத்தவர்கள், அவர்களது பிள்ளைகள். வீட்டுப் பாசை தமிழானதும் அப்படித்தான். கிழக்கில் தெற்கே போனால் முஸ்லிம்களிடமும் தமிழர்களைப் போலவே தாய்வழிக் குடி முறை இருக்கு. வாளோடு வந்தவன் மாமியார் வீட்டில் போய் இருக்க மாட்டான்.

1344-ல் இப்னு பதூதா இலங்கைக்கு வந்தார். புத்தளம் பக்கம் கரையிறங்கி ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். என்ன வேண்டும் என்று அரசன் கேட்டபோது, ஆதம் மலையின் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அரசன் பல்லக்குக் கொடுத்து, வருசா வருசம் அந்த யாத்திரை போகிற நாலு யோகிகளையும் மூன்று பிராமணர்களையும் துணைக்கு அனுப்பினான். முஸ்லிம் பக்கீர்களை இங்குள்ள மக்கள் வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு கொடுப்பதையும் எழுதுகிறார். ஒரு முஸ்லிம் பயணி, தமிழ் அரசன், யோகிகள், பிராமணர்கள், எல்லாரும் ஒரே மலைக்கு. இதற்கு 65 வருசம் கழித்து, 1409 திகதியிட்ட காலிக் கல்வெட்டில் சீன அட்மிரல் செங் ஹே சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை அறிவிக்கிறார். செங் ஹே முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர்.

இந்த இடத்தோடு நிறுத்தினால் எங்கட வீடியோப் பேச்சாளருக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் இப்னு பதூதா இலங்கையில் இருந்து நேரே போனது மதுரைக்கு. அப்போது அங்கே சுல்தான் ஆட்சி. கியாஸுத்தீன் தாமகானி என்ற சுல்தான், உறவு முறையில் இப்னு பதூதாவுக்குச் சகலன். ரெண்டு பேரும் ஒரே வீட்டுப் பெண்களைக் கட்டியவர்கள். அவன் பிடிபட்ட இந்துக் குடும்பங்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பார்க்காமல் சித்திரவதை செய்து கொன்றதை இப்னு பதூதா கண்ணால் பார்த்து எழுதி வைத்தார். இப்படி ஒரு அக்கிரமத்தை வேறு எந்த அரசனிடமும் கண்டதில்லை, இதனால்தான் அல்லாஹ் அவனைச் சீக்கிரம் எடுத்துக்கொண்டான் என்பது அவரது கருத்து. எழுதியவர் ஒரு காதி, மார்க்கச் சட்டம் படித்தவர், சுல்தானின் சொந்தக்காரன். காஃபிரைத்தானே கொன்றான் என்று அவர் சொல்லவில்லை.

மதுரைச் சுல்தானியம் நாற்பது வருசம் போலத்தான் நின்றது, 1378 அளவில் விஜயநகரம் அதை முடித்துவிட்டது. அந்த வாள் தமிழ் நாட்டில் முஸ்லிம் சமூகத்தை உண்டாக்கவில்லை. காயல்பட்டினமும் கீழக்கரையும் நாகூரும் கடற்கரை ஊர்கள். அங்கே மார்க்கம் கப்பலிலும் கல்யாணத்திலும் சூஃபிகளின் தர்காவிலும் வளர்ந்தது. அந்தக் கீழக்கரைச் சூழலில்தான் சீதக்காதியின் ஆதரவில் உமறுப் புலவர் நபியின் வாழ்க்கையை ஐயாயிரத்துச் சொச்சம் விருத்தங்களில் சீறாப்புராணமாகப் பாடினார். அரேபியப் பாலைவனத்தில் தமிழ் வயலும் அருவியும் ஓடும். அதைக் குறை சொல்லுகிற ஆட்கள் எங்களுக்குள்ளேயே உண்டு. எனக்கு அந்த அருவி பிடிக்கும்.

வாளைப் பற்றிக் கேட்கிற என் தமிழ் நண்பர்களுக்கு எங்கட மாவட்டத்தில் இருந்தே ஒன்று சொல்ல வேண்டும். 1620-களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். அதே பத்தாண்டில், 1626-ல், தங்கள் கையில் இருந்த கரையோரப் பகுதிகளில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி அரசன் செனரத் அவர்களில் பெருந்தொகையானோரைக் கிழக்கில் குடியேற்றினான். மதத்தின் பேரில் இந்தக் கரைக்கு வந்த வாள் உங்கட கோயிலிலும் எங்கட முதுகிலும் ஒரே காலத்தில் பட்டது.

இந்தப் பதில் எங்களையும் கட்டுகிறதா? 2019 ஏப்ரல் 21-ல் அது பரிசோதிக்கப்பட்டது. அன்று நாடு முழுக்க 260-க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளிக்கு வந்த பிள்ளைகள் செத்தார்கள். கிழக்குத் தமிழ்ப் பிள்ளைகள். அதற்குப் பிறகு ஒரு தமிழ் நண்பன் வாளைப் பற்றிக் கேட்டால் அது விவாதக் கேள்வி இல்லை, பயக் கேள்வி. இஸ்லாம் என்றால் சாந்தி என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. ஜம்இய்யத்துல் உலமா அந்தக் குண்டுதாரிகளின் உடல்களைப் பள்ளிவாசல்கள் ஏற்கமாட்டா என்று அறிவித்தது. அதைச் செய்தது சரி. ஆனால் அதற்கு ரெண்டு வருசம் முன்னமே, 2017 மார்ச்சில், சஹ்ரானின் ஆட்கள் காத்தான்குடியில் சூஃபி முஸ்லிம்களை வாளோடு தாக்கினார்கள். அவன் தலைமறைவானான். அவனது பேச்சு வீடியோக்கள் தலைமறைவாகவில்லை. தர்காவுக்குப் போகிறவன் முஸ்லிமே இல்லை என்ற பேச்சை அவனுக்கு முன்னாலும் பின்னாலும் எத்தனை பேர் குண்டில்லாமல் பேசினார்கள் என்பதை நாங்கள் எங்களுக்குள் கேட்கவே இல்லை. மதுரையைப் பற்றி இப்னு பதூதா எழுதினதை, 2017 காத்தான்குடியைப் பற்றி அன்றைக்கே எழுதினவர்கள் மிகக் குறைவு.

வாள் எடுபடாத இடத்தில் குற்றச்சாட்டு வேறு உருவத்தில் வரும் என்பதையும் சொல்லி விடுகிறேன். 1981 பெப்ரவரியில் திருநெல்வேலி மாவட்டம் மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான தலித் மக்கள் இஸ்லாத்தைத் தழுவியபோது யாரும் வாளைச் சொல்லவில்லை, வளைகுடாப் பணம் என்றார்கள். தேத்தண்ணிக் கடையில் தனிக் கிளாஸ் வைத்ததைப் பற்றி மாறினவர்கள் சொன்னதை அந்தச் சத்தத்தில் கேட்டவர்கள் கொஞ்சப் பேர்.

இனித் திருமணங்கள். ரெண்டாவது கேள்வியை நான் சுருக்கமாகத்தான் பார்க்கிறேன். நபிக்கு 25 வயதில் முதல் திருமணம். கதீஜா அவருக்குச் சம்பளம் கொடுத்த வியாபாரி, ஏற்கனவே விதவை, மரபுக் கணக்கில் 15 வயது மூத்தவர், திருமணப் பேச்சைத் தொடங்கியவரும் அவர்தான். 619-ல் அவர் இறக்கும்வரை, கால் நூற்றாண்டு, வேறு மனைவி இல்லை. மற்றத் திருமணங்கள் ஐம்பதைத் தொட்ட பிறகு. ஹஃப்ஸா, உம்மு ஸலமா போன்றவர்கள் கணவனை இழந்தவர்கள். ஜுவைரிய்யா, ஸஃபிய்யா போன்ற திருமணங்களில் கோத்திர அரசியல் இருக்கு. எல்லாமே விதவைகளுக்கு வாழ்வு கொடுத்ததுதான் என்று எங்கட ஆட்கள் ஒரே வரியில் முடிப்பது சரியில்லை. ஸைனபின் திருமணம் அன்றைய மதீனாவிலேயே பேச்சைக் கிளப்பியது, குர்ஆனே 33-ம் அத்தியாயத்தில் அதைத் தொடுகிறது. ஆனால் காமத்துக்காக என்று சொல்கிறவர்களுக்கு அந்த 25 வருசத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இவ்வளவுதான்.

மூன்றாவது கேள்விதான் முக்கியம்.

ஆயிஷா தன் வாயாலேயே நிக்காஹ் நடந்தபோது ஆறு, சேர்ந்து வாழத் தொடங்கியபோது ஒன்பது என்று சொன்னதாக புகாரியில் வருகிறது. எங்களிடம் ரெண்டு பதில் இருக்கு. ஒன்று, வயதுக் கணக்கே பிழை, அக்கா அஸ்மாவின் வயதில் இருந்து கணக்குப் பார்த்தால் பதினெட்டுக்குக் கிட்ட வரும் என்பது. இருபதாம் நூற்றாண்டில் வந்த இந்தப் பதிலை எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை, ஏற்காதவர்களே அதிகம். மற்றது, அந்தக் காலத்தில் அது வழக்கம் என்பது.

ரெண்டாவது பதிலுக்கு வரலாற்று ஆதாரம் நிறைய இருக்கு. பழைய கிறிஸ்தவ விமர்சகர்கள் நபியை விட்டு வைக்கவில்லை, ஸைனபைப் பற்றி, மனைவிகளின் எண்ணிக்கையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஆனால் ஆயிஷாவின் வயது அவர்களுக்குப் பெரிய விசயமாகப் படவில்லை. ஏனென்றால் அவர்கள் ஊரிலும் நிலைமை அப்படித்தான். இங்கிலாந்தில் ஒரு பெண்பிள்ளையின் சம்மத வயது 1875 வரை 12, 1885-ல்தான் 16 ஆனது. இந்தியாவில் 1860 சட்டப்படி 10. அதை 1891-ல் 12 ஆக்கியபோது எங்கட தர்மத்தில் தலையிடாதே என்று எதிர்த்தவர்களில் திலகரும் ஒருவர். பாரதியாருக்கு 1897-ல் திருமணம் நடந்தபோது செல்லம்மாவுக்கு 7 வயது. கணித மேதை ராமானுஜனுக்கு 1909-ல் திருமணம் நடந்தபோது ஜானகிக்கு 10. பிள்ளை பெரியவளாகும்வரை தாய் வீட்டில் இருப்பாள் என்பதுதான் அங்கே ஏற்பாடு. புகாரியின் அறிவிப்பிலும் நிக்காஹ்வுக்கும் சேர்ந்து வாழ்வதற்கும் நடுவில் மூன்று வருசம் இருக்கு. பாரதியைக் குழந்தைத் திருமணக் குற்றவாளி என்று யாரும் சொல்வதில்லை, அந்தக் காலம் என்றுதான் சொல்வோம். ஏழாம் நூற்றாண்டுக்கும் அதே நியாயத்தைக் கொடு என்று கேட்பதில் பிழையில்லை.

ஆயிஷா என்ற ஆள் அந்த வயதோடு முடிந்து போனவரும் இல்லை. ரெண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஹதீஸ்கள் அவர் வழியாக வந்தவை. பெரிய பெரிய ஸஹாபாக்கள் பிழையாகச் சொன்னதை அவர் திருத்திய இடங்களை மட்டும் திரட்டி, பதினாலாம் நூற்றாண்டில் ஸர்கஷீ என்ற அறிஞர் ஒரு தனி நூலே செய்தார். பெண்ணும் நாயும் கழுதையும் குறுக்கே போனால் தொழுகை முறியும் என்று ஒருவர் சொல்ல, எங்களை நாயோடு சேர்த்துவிட்டீர்களா என்று அவர் கேட்டது பிரபலம். 656-ல் ஒட்டகப் போரில் ஒரு அணியையே நடத்தினார். விமர்சகர் அவரை ஒரு இலக்கமாகப் பார்க்கிறார். எங்கட மௌலவிமார் பலரும் அந்த இலக்கத்துக்குப் பதில் சொல்லிச் சொல்லியே அவரை இலக்கமாக ஆக்கிவிட்டார்கள்.

இப்ப எங்கட சோதனை. அந்தக் காலத்தில் அது வழக்கம் என்று நாங்கள் சொல்கிறோம். சரி, அப்படியென்றால் இது அந்தக் காலம் இல்லை என்பதும் அந்தப் பதிலுக்குள்ளேயே இருக்கு.

இலங்கைச் சட்டத்தில் என்ன இருக்கு? 1883 தண்டனைச் சட்டக் கோவையில் சம்மத வயது 12. 1995-ல் அது 16 ஆக்கப்பட்டது. அதே வருசம் பொதுத் திருமணச் சட்டத்தில் திருமண வயது 18 ஆனது. முஸ்லிம்களுக்கு மட்டும் இல்லை. 1951-ம் ஆண்டின் 13-ம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் குறைந்தபட்ச வயதே போடப்படவில்லை. 23-ம் பிரிவில் இருப்பது, 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் திருமணத்தைப் பதிய காதியின் அனுமதி வேண்டும் என்பது மட்டும். 12-க்கு மேல் என்றால் அதுவும் தேவையில்லை. தண்டனைச் சட்டத்தில் 16-க்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இருக்கிற பாதுகாப்பிலும், 12 வயதைத் தாண்டிய மனைவிக்கு விலக்கு வைத்திருக்கிறார்கள். மற்றச் சமூகத்துப் பிள்ளைக்கு 18 வரை கல்யாணமே இல்லை என்பதால் அந்த விலக்கு நடைமுறையில் எங்கட பிள்ளையின் மேலேதான் விழுகிறது. மணப்பெண் கையெழுத்து வைக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் கேட்கவில்லை.

இதைத் திருத்த 2009-ல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு போட்டார்கள். அறிக்கை கொடுக்க 2018 ஜனவரி ஆனது, அதுவும் குழு ரெண்டாகப் பிரிந்து ரெண்டு வகைச் சிபாரிசு. இந்தச் சட்டத்தால் பாதிக்கப்பட்ட முஸ்லிம் பெண்களே முன்னுக்கு வந்து கதைத்தபோது அவர்களுக்குக் கிடைத்த பட்டம் மேற்கின் கைக்கூலிகள். இன்னொரு பக்கம், 2019-க்குப் பிறகு இந்தச் சட்டத்தைத் தூக்கிப் பிடித்த பேரினவாதிகளுக்கு எங்கட பிள்ளைகளில் ஒரு அக்கறையும் இல்லை என்பதும் உண்மை. அவர்களுக்கு அது எங்களை அடிக்க ஒரு தடி. ஆனால் தடி அவர்கள் கையில் இருப்பதற்காக, அதை வெட்டிக் கொடுத்த மரத்தை நாங்கள் தண்ணி ஊற்றி வளர்க்க வேண்டுமா?

கம்பஸில் ஆயிஷாவைப் பற்றிக் கேட்ட ஒருவனிடம் அந்தக் காலத்து வழக்கம் என்று சொல்லிவிட்டு, பள்ளிவாசலில் 18 வயதுக்கு எதிராகக் கையெழுத்து வாங்கும்போது நாங்களும் வைத்தால், அவனுக்குச் சொன்னது பொய். வயதெல்லை வைப்பது மார்க்கத்துக்கு விரோதம் என்ற வாதமும் நிற்காது. மொரோக்கோ 2004-ல் தன் குடும்பச் சட்டத்தில் 18 வைத்தது. இந்தோனேசியா 2019-ல் பெண்ணுக்கு 16 இருந்ததை 19 ஆக்கியது. அங்கேயெல்லாம் நீதிமன்ற அனுமதி என்ற ஓட்டை இன்னும் இருக்கு, அதற்காகவும் அங்குள்ள பெண்கள் போராடுகிறார்கள். ஆனால் அந்த நாடுகளில் யாரும் இஸ்லாத்தை விட்டுப் போய்விடவில்லை.

பெண்களின் சொத்துரிமையைப் பற்றி எங்கட மேடைகளில் ஒரு பெருமைப் பேச்சு உண்டு. இங்கிலாந்தில் திருமணமான பெண் தன் பேரில் முழுதாகச் சொத்து வைக்க 1882 சட்டம் வரவேண்டி இருந்தது, இஸ்லாம் அதை ஏழாம் நூற்றாண்டிலேயே கொடுத்தது என்பார்கள். உண்மைதான். மஹர் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியது என்பதும் உண்மை. எங்கட கிழக்கில் மஹர் சில ஆயிரம், பெண் வீட்டார் கட்டிக் கொடுக்கிற வீடு பல இலட்சம். அந்த வீட்டுக்காக எத்தனை வாப்பாமார் கட்டாரிலும் சவூதியிலும் வயதைத் தொலைத்தார்கள் என்பது ஒவ்வொரு ஊருக்கும் தெரியும்.

அதே 1882-ம் ஆண்டு டிசம்பரில்தான் கண்டியில் சித்தி லெப்பை முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கினார். மிஷனரிமார் பள்ளிக்கூடமும் அச்சகமும் வைத்து முன்னேறிக்கொண்டு இருந்த காலம். பிள்ளைகள் மதம் மாறிவிடுவார்கள் என்று எங்கட ஆட்கள் பள்ளிக்கூடத்தையே ஒதுக்கி வைத்திருந்தார்கள். வழக்கறிஞரான அவர், பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சொல்லாமல் எங்கட பள்ளிக்கூடம் வேண்டும் என்று எழுதினார். நாடு கடத்தப்பட்டு 1883-ல் இங்கே வந்த எகிப்தின் ஒறாபி பாஷாவையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். 1891-ல் கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை தொடங்கினார். அதை நடத்தியவர் அவரது சகோதரி முத்து நாச்சியா. பெண் படிப்பது மார்க்கத்துக்கு ஆகாது என்று எதிர்த்தவர்கள் அன்றும் இருந்தார்கள், மிஷனரிக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள்தான் அவர்களும்.

60 வருசம் கழித்து எழுதப்பட்ட 1951 சட்டத்தில், காதியாக நியமிக்கப்படக்கூடியவர் முஸ்லிம் ஆண் என்று இருக்கிறது. இந்தோனேசியாவின் மார்க்க நீதிமன்றங்களில் பெண் நீதிபதிகள் பல பத்தாண்டுகளாக இருக்கிறார்கள். பாலஸ்தீனத்தில் 2009-ல், மலேசியாவில் 2010-ல் ஷரீஆ நீதிமன்றத்துக்குப் பெண்கள் நியமிக்கப்பட்டார்கள். ஸஹாபாக்களின் பிழையைத் திருத்திய ஆயிஷா இன்றைக்குத் திருகோணமலையில் இருந்தால் ஒரு காதியாக வர அவருக்குச் சட்டத்தில் இடமில்லை.